சுருணைக்குள் இருக்கும் திருவிதாங்கூர்: ஓலையும் செயற்கை நுண்ணறிவும்

1741இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவரான எஸ்தாக்கியஸ் டி லன்னாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். இந்தப் போரை இரு தரப்பும் எழுதி வைத்தன. தோற்றவர்கள் காகிதத்தில் எழுதினார்கள். வென்றவர்கள் ஓலையில் எழுதினார்கள். ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழிந்தபின், தேடிப் படிக்கும் வசதியைப் பொறுத்தவரை தோற்றவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

ஆசியக் கிளைகளிலிருந்து தாயகத்துக்குப் போன கம்பெனியின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த தொகுப்பு அது. அதில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களை, ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனம் தலைமையேற்கும் ‘குளோபலைஸ்’ திட்டம் கையெழுத்து அறியும் மென்பொருளைக் கொண்டு படித்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றியிருக்கிறது. எழுத்துப்பிழை மலிந்த எழுத்துதான். ஆனாலும் திருவிதாங்கூரையும் கொல்லத்தையும் மிளகையும் தேடுகிற ஒருவருக்குச் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கிடைக்கின்றன. திருவிதாங்கூர் அரசின் ஓலைகளோ திருவனந்தபுரம் கோட்டைக்குள் சுருணை சுருணையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேட இன்றும் ஒரே வழிதான் உண்டு: கட்டைப் பிரித்து, படிக்கத் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

நூலகங்களிலும் காப்பகங்களிலும் செயற்கை நுண்ணறிவு நுழைவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்த ஏடு முதலில் எந்திரத்துக்குப் படிக்கத்தக்கதாகிறதோ அதிலிருந்துதான் நாளைய வரலாறு எழுதப்படும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். கம்பெனியின் கண்ணில் பட்ட வேணாடு, அதாவது திருவிதாங்கூர், ஏற்கெனவே தேடுபொறியில் ஏறிவிட்டது. வேணாட்டுக் கணக்கர்களின் கண்ணில் பட்ட வேணாடு ஏறவில்லை.

கோட்டைக்குள் என்ன இருக்கிறது

கிழக்கேகோட்டை வாசல் வழியே உள்ளே போனால் பத்மநாபசுவாமி கோயிலுக்கு நடக்கும் தூரத்திலேயே மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மன்னராட்சிக் காலத்து வட்டாரமொழி ஆவணங்களைப் பாதுகாத்த இடம் இது. 1962இல் உருவான கேரள ஆவணக் காப்பகத் துறையின் கீழ் இன்று இயங்குகிறது. இங்குள்ள ஓலைகள் ஒரு கோடிக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. நூற்றுக்கணக்கான ஓலைகளை ஒன்றாகக் கோத்துச் சுருட்டிக் கட்டிய பெருங்கட்டுக்குச் சுருணை என்று பெயர். நில அளவை, வரி, படைச் செலவு, கோயில் வரவு செலவு, தண்டனை, உடன்படிக்கை என்று ஓர் அரசு நடந்த விதம் முழுதும் அவற்றுள் இருக்கிறது.

இவற்றில் தனித்து நிற்பவை மதிலகம் ரேகைகள். பத்மநாபசுவாமி கோயிலின் பல நூற்றாண்டுப் பதிவேடுகள் இவை. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே இறைவனுக்குத் திருப்படித் தானமாக எழுதிக்கொடுத்த பின், கோயில் கணக்கையும் அரசுக் கணக்கையும் பிரித்துப் பார்ப்பது கடினமாயிற்று. 2011இல் கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டு உலகமே பொன்னைப் பற்றிப் பேசியபோது, அது எப்படி வந்தது என்பதற்கு இந்த ரேகைகளே சான்று என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2020 ஜூலை 13இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து கோயில் நிர்வாகம் பற்றிய வழக்கு ஓய்ந்தது. ரேகைகளைப் படிக்கும் வேலை ஓயவில்லை.

2022 டிசம்பரில் காப்பக வளாகத்திலேயே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எட்டுக் காட்சிக்கூடங்களில் 187 சுவடிகள் வைக்கப்பட்டன. எழுத்தின் வரலாறு, நிலமும் மக்களும், ஆட்சி, போரும் அமைதியும், கல்வியும் மருத்துவமும், பொருளாதாரம், கலை இலக்கியம், மதிலகம் ரேகைகள் என்பவை அவற்றின் பொருள்கள். குளச்சல் போர் தொடர்பான ஓலைகளும் உண்டு. கட்டுகளின் மலையிலிருந்து 187ஐத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டால், விடை எளியது: ஏடு படிக்கத் தெரிந்தவர்கள். எதைப் படிக்க முடிந்ததோ அதுதான் காட்சிக்கு வந்தது.

தமிழருக்கு இந்த இடம் அயலூர்க் காப்பகம் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை தலைநகரமே பத்மநாபபுரம்தான். குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் தம் ஊர்க் குளத்தின், கோயில் நிலத்தின், குடும்பச் சொத்தின் பழைய கதையைத் தேடினால் கோட்டைக்குள் வந்துதான் ஆக வேண்டும். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளை ஆய்வாளர் அ.கா. பெருமாள் பதிப்பித்தபோது, ஒரே ஒரு குடும்பத்தின் கட்டுகளிலிருந்து எவ்வளவு சமூக வரலாறு எழும்பும் என்று தெரிந்தது. கோட்டைக்குள் கிடப்பது ஓர் அரசின் கட்டு.

படம் எழுத்தாகும் வழி

ஓலையை எந்திரம் படிப்பது பல படிகள் கொண்ட வேலை. முதலாவது, படம் எடுத்தல். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி மை தங்கியிருந்தால் எழுத்து தெரியும். மை போன, அல்லது மையே தடவாத ஓலையில் பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கீறல் நிழலாக விழும். சுருணை ஓலைகள் வளைந்தே பழகியவை; விரித்தால் ஒடியும். படப்பிடிப்புக்கு முன் எண்ணெய் தடவி, பதப்படுத்தி, தட்டையாக்க வேண்டும். இதைச் செய்வது கை. எந்த மென்பொருளும் இந்தப் படியைக் குறுக்க முடியாது.

இரண்டாவது, வரி பிரித்தல். மூன்று நான்கு விரல் அகலத்துக்குள் ஏழெட்டு வரிகள் நெருங்கி ஓடும். கயிற்றுத் துளை வரும் இடத்தில் வரிகள் விலகி, பிறகு கூடும். பூச்சி அரித்த துளையும் எழுத்துச் சுழியும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றும். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019இல் ‘இண்டிஸ்கேப்ஸ்’ என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். சுமார் 500 இந்தியச் சுவடிப் படங்களில் வரி எங்கே, துளை எங்கே, சிதைவு எங்கே என்று மனிதர்களே கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எந்திரம் துளையையும் வரியையும் பிரித்தறியக் கற்றது.

மூன்றாவது, எழுத்தை அறிதல். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அச்சு நூல்களில் நன்றாக வேலை செய்யும் தமிழ், மலையாள எழுத்துணரிகள் இங்கே கைவிரிக்கின்றன. தவிர, கோட்டை ஓலைகள் ஒரே எழுத்தில் இல்லை. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் என்று பலவும் உண்டு. சோழர் ஆட்சிக்குப் பின் பாண்டிய நாட்டில் மறைந்துபோன வட்டெழுத்து, வேணாட்டில் இன்னும் பல நூற்றாண்டுகள் கணக்கர் கையில் வாழ்ந்தது.

நான்காவது படியைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. படித்த எழுத்தை எந்தக் குறியீட்டில் சேமிப்பது? கணினியில் ஓர் எழுத்து நிற்க வேண்டுமானால் யூனிகோடில் அதற்கு இடம் வேண்டும். கிரந்தத்துக்கு 2014இல் இடம் கிடைத்தது. துளு-திகளாரிக்கு 2024இல் கிடைத்தது. வட்டெழுத்துக்கு 2025இல் வெளியான 17ஆம் பதிப்பிலும் இடமில்லை. ஆகவே வட்டெழுத்து ஓலையை எந்திரம் பிழையின்றிப் படித்தாலும், இன்றைய தமிழ் அல்லது மலையாள எழுத்தில் பெயர்த்துத்தான் வைக்க முடியும். பெயர்க்கும் அந்த நொடியிலேயே ஒரு தீர்ப்பு நிகழ்ந்துவிடுகிறது: இது தமிழா, மலையாளமா?

பதினெட்டாம் நூற்றாண்டு வேணாட்டுக் கணக்கருக்கு இந்தக் கேள்வியே இல்லை. தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த ஆட்சிநடை ஒன்றில் அவர் எழுதினார். இன்றைய மொழி மாதிரிகளோ ‘தமிழ்’, ‘மலையாளம்’ என்று தனித்தனிப் பெட்டிகளில், பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் இக்கால உரைநடையில் பயிற்சி பெற்றவை. கலப்பு நடையை அவை பிழை என்று கருதி ஏதோ ஒரு பக்கமாகத் திருத்திவிடும். 1956இல் நிலத்தில் போட்ட எல்லைக்கோடு, மென்பொருளின் கையால் 1756ஆம் ஆண்டு ஓலைக்கும் நீளும்.

கணக்கு ஏட்டின் ஆபத்து

இலக்கியச் சுவடியும் கணக்குச் சுவடியும் பிழையை ஒரே மாதிரி தாங்குவதில்லை. செய்யுளில் ஓர் எழுத்து பிசகினால் எதுகையும் தளையும் காட்டிக்கொடுக்கும், பொருள் இடறும், இன்னொரு படியோடு ஒப்பிடலாம். கணக்கு ஓலைக்கு யாப்பு இல்லை, இரண்டாம் படியும் பெரும்பாலும் இல்லை. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. முக்காணியை மூன்று மா என்று படித்தால் நிலம் நான்கு மடங்காகிறது. இரண்டும் வாக்கியத்தில் அழகாகவே பொருந்தும், இலக்கணம் எச்சரிக்காது.

கையெழுத்து அறியும் மென்பொருள்களின் தரத்தை எழுத்துப் பிழை விகிதத்தால் அளக்கிறார்கள். நூற்றுக்கு ஐந்து பிழை என்றால் நல்ல தரம். அறுபது எழுத்துள்ள ஒரு வரியில் மூன்று பிழை என்று அதற்குப் பொருள். அந்த மூன்றும் ‘திருவிளக்கு’ என்ற சொல்லில் விழுந்தால் யாரும் திருத்திக்கொள்வார்கள். பின்னக் குறியில் விழுந்தால், படித்தவருக்கே தெரியாது. சராசரி விகிதம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

திருவிதாங்கூர்க் கணக்கின் அலகுகளும் எளியவை இல்லை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். நெல்லுக்கு 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. நாளைக் குறிப்பது கொல்லம் ஆண்டில். வேணாட்டில் அந்த ஆண்டு சிங்க மாதத்தில் பிறக்கும். வடக்கே கோலத்துநாட்டில் கன்னி மாதத்தில் பிறக்கும். கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்டுவதா, 825ஐக் கூட்டுவதா என்பது மாதத்தைப் பொறுத்தது. நெல், நாள், வருஷம் போன்றவற்றுக்குக் கணக்கர்கள் தனிக் குறிகளையே எழுதினார்கள். இவற்றில் தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 வடிவங்கள் 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் சேர்ந்தன. இடம் கிடைத்துவிட்டது, ஆனால் இக்குறிகள் தாங்கிய பயிற்சித் தரவு மிகச் சொற்பம்.

பார்த்ததும் ஊகித்ததும்

இங்கே இத்தாலியிலிருந்து ஒரு பாடம் உண்டு. வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் கரிக்கட்டையாகிப்போன பாப்பிரஸ் சுருள்களை விரிக்காமலே படிக்க, அமெரிக்கக் கணினி அறிஞர் பிரெண்ட் சீல்ஸின் ஆய்வை அடியொற்றி 2023இல் ஒரு பரிசுப் போட்டி தொடங்கியது. 2024 பிப்ரவரியில் மூன்று இளைஞர்கள் சுமார் 2,000 கிரேக்க எழுத்துகளை வெளிக்கொண்டுவந்து 7 லட்சம் டாலர் பரிசைப் பெற்றார்கள். அவர்களின் மென்பொருள் கிரேக்கம் அறியாதது. ஸ்கேன் படத்தின் சிறு சிறு துண்டில் மை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அது சொன்னது. எழுத்தாகவும் சொல்லாகவும் படித்தவர்கள் பாப்பிரஸ் அறிஞர்கள். மொழி தெரிந்த எந்திரம் இல்லாத எழுத்தையும் இருப்பதாகக் கற்பனை செய்யும் என்பதால் கண்டறிதலையும் ஊகத்தையும் இப்படிப் பிரித்து வைத்தார்கள்.

தமிழ்ப் பதிப்பு மரபும் இதே ஒழுக்கத்தைக் கைக்கொண்டதுதான். உ.வே. சாமிநாதையர் காலத்திலிருந்து நல்ல பதிப்பாசிரியர்கள் சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு விட்டார்கள். ஐயமான இடத்தில் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார்கள். எது ஏட்டில் உள்ளது, எது தம் ஊகம் என்று வாசகருக்குத் தெரியும்படி வைத்தார்கள். இன்றைய பெரிய மொழி மாதிரிகளின் இயல்பு இதற்கு நேர் எதிர். அவை இடைவெளி விடுவதில்லை. செல்லரித்த இடத்தையும் தடங்கலின்றி நிரப்பி, முழு வாக்கியமாகக் கையில் தருகின்றன. கவிதை ஏட்டில் அது தவறான பாடம். நில ஓலையில் அதற்குப் பெயர் போலி ஆவணம்.

யார் கற்பிப்பது

ஒரு கையெழுத்தைப் படிக்க எந்திரத்தைப் பழக்குவதற்கு எவ்வளவு தரவு வேண்டும்? ஐரோப்பியக் காப்பகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘டிரான்ஸ்கிரிபஸ்’ மென்பொருளின் வழிகாட்டுதல், மனிதர் பெயர்த்தெழுதிய 5,000 முதல் 15,000 சொற்கள் என்கிறது. எழுத்து மாறினால், காலம் மாறினால், கணக்கர் மாறினால் மீண்டும் புதிய மாதிரி வேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் அந்தச் சொற்களைப் பிழையின்றிப் பெயர்த்தெழுத, வட்டெழுத்தும் கோலெழுத்தும் பின்னக் குறிகளும் கொல்லம் ஆண்டும் வேணாட்டு ஆட்சிச் சொற்களும் ஒருங்கே அறிந்த ஆள் வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை போன்ற சில இடங்களே இப்பயிற்சியைத் தருகின்றன. முடித்து வருபவர்களுக்கு நிலையான வேலை அரிது.

அறிந்த ஆள் ஒருவரால் என்ன நடக்கும் என்பதற்குத் திருவனந்தபுரமே சான்று. 1909 வாக்கில் பண்டிதர் த. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் இருந்த ஒரு கட்டைக் கண்டார். உள்ளே இருந்தவை அதுவரை அறியப்படாத சமஸ்கிருத நாடகங்கள். 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அவற்றைப் பழைய நாடகாசிரியரான பாசனின் நாடகங்கள் என்று வெளியிட்டார். இந்திய நாடக வரலாறே திருத்தி எழுதப்பட்டது. ஏட்டில் ஆசிரியர் பெயர் இல்லை. பாசன் என்பது சாஸ்திரியின் வாதம், அதைப் பற்றிய விவாதம் இன்றும் முடியவில்லை. எந்திரம் தயாரிக்கும் அட்டவணையில் ‘ஆசிரியர்: பாசன்’ என்று ஒரு வரி மட்டும் வந்தால், கண்டுபிடிப்பு நிற்கும், வாதம் காணாமல் போகும்.

இந்திய அரசு இப்போது சுவடிகள் பக்கம் பெரிதாகத் திரும்பியிருக்கிறது. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த ஞான பாரதம் இயக்கம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து ஆவணப்படுத்துவதை இலக்காகக் கொண்டது. 2025 செப்டம்பரில் தில்லி மாநாட்டில் அதன் இணையவாசல் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவு அதன் முழக்கங்களில் ஒன்று. இலக்கு எண்ணிக்கையாக இருக்கும்போது, எளிதில் எண்ணத்தக்கது ஸ்கேன் செய்த பக்கங்கள்தான். படித்த பக்கங்களை எண்ணுவது கடினம் என்பதால் அவை அறிக்கையில் வருவதில்லை. நூல் என்ற வரையறைக்குள் அடங்கும் புராணமும் மருத்துவமும் முன்னுரிமை பெற, கணக்கு ஓலைகள் மறுபடியும் பின்வரிசைக்குப் போகும் வாய்ப்பே அதிகம்.

முதலில் எதைச் செய்வது

எந்திரத்தைத் தள்ளி வைப்பது தீர்வாகாது. ஒரு கோடி ஓலையை மனிதர் மட்டுமே படித்து முடிக்கப் பல தலைமுறைகள் போதா. வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் விவேகம் இருக்கிறது.

முழுப் பெயர்ப்பைவிட அட்டவணை முதலில் வர வேண்டும். ஒவ்வொரு சுருணையிலும் எந்தத் தாலுகா, எந்த ஆண்டு, எந்த வகை ஓலை என்று எந்திரம் உத்தேசமாகச் சொன்னாலே போதும். ஆய்வாளர் எந்தக் கட்டை எடுப்பது என்று தெரிந்துகொள்வார்; முடிவைத் தம் கண்ணால் படித்துத்தான் சொல்வார். அட்டவணையில் பிழை நேர்ந்தால் ஒரு கட்டை வீணாகப் பிரித்ததோடு போகும். பெயர்ப்பில் நேர்ந்தால் வரலாற்றில் ஏறிவிடும்.

பெயர்ப்பு என்று வரும்போது மூன்று அடுக்குகள் பிரிந்தே இருக்க வேண்டும்: ஓலையின் படம், எந்திரம் கண்ட எழுத்து, மனிதர் ஒப்புக்கொண்ட பாடம். எந்திரம் எவ்வளவு உறுதியோடு சொன்னது என்பதும் எழுத்துக்கு எழுத்து தெரிய வேண்டும். பின்னக் குறிகள் மனிதக் கண் படாமல் எந்தப் பட்டியலிலும் ஏறக் கூடாது.

திறப்பும் ஓர் அரசியல்தான். இந்தக் கட்டுகளில் அரச தானங்கள் மட்டும் இல்லை. திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை சட்டப்படி இருந்தது. மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்ற ஓலைகள் இப்பகுதியின் ஆவண மரபில் உண்டு. யார் யாரை வைத்திருந்தார்கள் என்பது தேடலில் வரும்போது, அது சந்ததியினருக்குச் சான்றாகவும் அமையும், புதிய இழிவுக்குக் கருவியாகவும் ஆகலாம். எதை எப்படித் திறப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்தச் சமூகங்களின் ஆய்வாளர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பாலித் தீவில் ஸ்கேன் செய்த லோந்தார் ஓலைகளை உள்ளூர் மக்களே விக்கி முறையில் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார்கள். படங்களும் பயிற்சித் தரவும் பொதுவில் இருந்தால் நாகர்கோவிலில் இருந்தும் திருத்தலாம். தனியார் ஒப்பந்தத்துக்குள் பூட்டினால் திருவனந்தபுரத்தில் இருந்தும் முடியாது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு சம்பளக் கேள்வி. கேமராவும் சேமிப்பகமும் மென்பொருள் உரிமமும் வாங்கப் பணம் ஒதுக்கும் திட்டங்கள், ஏடு படிப்பவருக்குப் பல வேளைகளில் தற்காலிக ஒப்பந்தத்தையே தருகின்றன. இருபது இளைஞர்களுக்கு வட்டெழுத்தும் கணக்குக் குறியும் கற்பித்து, பத்தாண்டுக்கு நிலையான வேலை கொடுத்தால் அவர்கள் பெயர்த்தெழுதும் ஒவ்வொரு ஓலையும் எந்திரத்துக்குப் பாடமாகும். எந்திரம் தரும் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க ஆளும் இருக்கும். அவர்கள் இல்லாமல் வாங்கும் மென்பொருள் சரியாகப் படித்ததா, தவறாகப் படித்ததா என்று சொல்லக்கூடியவர் எவரும் எஞ்ச மாட்டார். கேரளமும் தமிழ்நாடும் இந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ள எல்லாக் காரணமும் இருக்கிறது. ஓலைகள் கேரளத்திடம் இருக்கின்றன. அவற்றில் பேசப்படும் ஊர்களில் பல இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன.